அலுவிகாரை எழுத்தாணி

மாத்தளை நகரினின்றும் தம்புள்ளை நோக்கிச் செல்லும் பெருந்தெருவில் ஏறத்தாழ 3 கிலோமீற்றர் சென்றதும், பெரும்பாறைகள் ஒன்றன்மேலொன்று சாய்ந்து கிடப்பதும், அவற்றின் இடுக்குகளிற் குகைகள் அமைந்திருப்பதும் தோன்றும். இதுவே அலுவிகாரை. 'ஆலோக விகாரை' என்னும் பெயரே இவ்வாறு திரிந்தது என்பர். ஆலோகம் என்பது ஒளி. நம் கல்லூரியிற் பயின்றோருள் இப்பாறைகளைக் கடந்து போகாதார் இலர்; பஸ்வண்டியின் சாளரத்தூடே கண்டு அப்பாற் போனாரே பலர். யாமும் இவ்வூருக்கு ஆசிரியராய் வந்து பல்லாண்டு கழியும்வரை அக்கூட்டத்தைச் சேர்ந்தவராகவே இருந்தோம்.

சென்ற ஆண்டு உயர்தர வகுப்பு மாணவர் சிலரை அங்கே அழைத்துச் சென்றோம். ஏடு, சுவடி, எழுத்தாணி என்னுஞ் சொற்களைப் பாடப் புத்தகத்தில் மட்டும் அறிந்த பிள்ளைகள் அப்பொருள்களை ஒருமுறை கண்ணாற் காணட்டும் என்பதே எமது எண்ணம். அங்கே, வருவோர்க்கு ஓலையெழுதிக் காட்டும் முதியவர் ஒருவர் இருந்தார். எம் மாணவன் ஒருவன் 'தமிழ்' என்று தன் கொப்பியில் எழுதிக் காட்டி, அதனை ஓலையிற் பொறித்துத் தருமாறு கேட்டான். முதியவர்க்குத் தமிழெழுத்துத் தெரியாது. தெரியாத எழுத்தை அதன் உருவைப் பார்த்து ஒருவாறு கீறிக் கொடுத்துவிடுதல் எளிது. வாங்கிச் செல்வோர் குறை கூறப் போவதுமில்லை. அவரோ கொப்பியைக் கையில் வாங்கி நெடுநேரம் நோக்கிவிட்டு, "மாத்தயா, இந்த எழுத்தை எந்தப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும்?" என்று சிங்களத்தில் எம்மை வினவினார். அவர் சுட்டியது ழகரத்தை. யாம் ஒரு தாளில் மெல்ல எழுதிக் காட்டினோம். அவர் பெருவிரல் நகத்தால் தம் முழந்தாளின்மேல் இருமுறை எழுதிப் பழகினார். அதன் பின்னரே ஓலையைக் கையிலெடுத்தார்.

தமிழ் கற்பிக்கும் எமக்கு அவ்வினா சிறிது நாணத்தைத் தந்தது. மாணவர் ழகரத்தை வாலிலிருந்து தலைக்கு எழுதுவதை எத்துணை முறை கண்டும் காணாதார்போற் கடந்திருக்கிறோம்!

இவ்விடத்தின் வரலாற்றைச் சுருக்கிக் கூறுதும். கி.மு. முதலாம் நூற்றாண்டிலே அநுராதபுரத்தில் அரசு செய்த வட்டகாமணி அபயன், அஃதாவது வலகம்பா, கி.மு. 103இல் முடி சூடிச் சில திங்களுள் அரசிழந்தான். தென்னிந்தியாவினின்றும் தமிழர் எழுவர் படையுடன் வந்திறங்கினர் என்றும், அவருள் ஐவர் ஒருவர்பின் ஒருவராய் ஆண்டனர் என்றும் மகாவம்சம் கூறும். அரசன் மலைநாட்டில் மறைந்து திரிந்து, கி.மு. 89இல் மீண்டும் அரசெய்தி கி.மு. 77 வரை ஆண்டான். இடைப்பட்ட காலத்திற் போரோடு பெரும்பஞ்சமும் சேர்ந்துகொண்டது. பிக்குகள் பலர் மாண்டனர். பலர் கடல் கடந்து சென்றனர். எஞ்சினோர் இலையும் கிழங்கும் உண்டு காடுகளிற் கிடந்தனர்.

அதுகாறும் புத்தரின் போதனைகள் மூன்று பிடகங்களாக வகுக்கப்பட்டு வாய்மொழியாகவே வழங்கின. ஒவ்வொரு பகுதியையும் மனனஞ் செய்து காப்பதற்கெனப் 'பாணகர்' எனப்பட்ட ஓதுவார் குழுக்கள் இருந்தன. ஒரு பகுதியை அறிந்தவர் அனைவரும் பஞ்சத்தில் இறந்தால் அப்பகுதியும் அவரோடு இறக்கும். ஆதலின் பிக்குகள் ஒன்றுகூடி அறநூல் நிலைபெறும் பொருட்டு அதனை ஏட்டில் எழுதினர். எழுதிய செய்தியைக் கூறும் மகாவம்சம் இடத்தின் பெயரைக் கூறவில்லை. 14ஆம் நூற்றாண்டினதாகிய 'நிகாய சங்கிரகம்' என்னுஞ் சிங்கள நூலே அது மாத்தளைப் பகுதியிலுள்ள இக்குகையில் நிகழ்ந்தது என்று உரைக்கும். எழுதுதற்குக் கூடியோர் ஐந்நூற்றுவர் என்பது வழிவழி வந்த செய்தி.

இங்கே மாணவர் ஓர் ஐயத்தை எழுப்புதல் வேண்டும். எம்முடன் வந்தோர் எழுப்பாமையால் யாமே எழுப்பினோம். அதற்கு முன்னர் இந்நாட்டில் எழுத்து இல்லையோ? இருந்தது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டு தொட்டே குகைகளின் நெற்றியில் பிராமி எழுத்துக்கள் வெட்டப்பட்டுள்ளன. இக்குகையை இன்னார் சங்கத்துக்கு அளித்தார் என்று அவை கூறும். கொடையாளரின் பெயரைப் பாதுகாக்க எழுத்துப் பயன்பட்டது. அறநூலைப் பாதுகாக்கப் பயன்படவில்லை. கருவி இரண்டு நூற்றாண்டாகக் கையிலிருந்தும் அதற்குரிய பெரும்பணி அதற்கு அளிக்கப்படவில்லை. இதனை அறியாமை என்று எள்ளுதல் தகாது. நினைவிற் காத்தலே மேன்மை என்பது அக்காலத்தார் கொள்கை. நம் முன்னோரும் வேதத்தை 'எழுதாக்கிளவி' என்றே வழங்கினர். ஏட்டில் எழுதினால் எவர் கையிலும் அகப்படும், பிழைபடும், கற்போர் சோம்புவர் என்னும் அச்சம் இரு சாரார்க்கும் இருந்தது. அந்த அச்சம் முற்றும் பொய்யானதன்று. கைத்தொலைபேசியில் நூறு எண்களைச் சேமித்துவிட்டுத் தம் வீட்டு எண்ணை மறந்தார் நம்மிடையே உளரல்லரோ?

கொள்கையை மாற்றச் செய்தது நெருக்கடியே. உரைநூலொன்று சுவையான செய்தி கூறும். 'மகாநித்தேசம்' என்னும் பகுதியை அறிந்தார் ஒருவரே எஞ்சியிருந்தார்; அவரோ ஒழுக்கத்தில் தாழ்ந்த பிக்கு. அவரிடம் பாடங் கேட்க மகாரக்கிதர் என்னும் தேரர் பெரிதும் கூசினார். மற்றையோர் வற்புறுத்திய பின்னரே சென்று கேட்டார். ஒழுக்கமற்றவர் நாவிலிருந்து ஒரு நூல் மீண்டது! ஆசிரியரின் தகுதி வேறு, அவரிடமுள்ள பொருளின் தகுதி வேறு என்று பிரித்தறிதற்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டும்! பஞ்சம் நீங்கிய பின்னர்ப் பிக்குகளிடையே எழுந்த வாதம் ஒன்றும் உண்டு. சமயத்தின் வேர் கல்வியா, ஒழுகுதலா என்பது அவ்வாதம். கல்வியே வேர் என்று முடிபாயிற்று. அம்முடிபோடு எல்லோரும் உடன்படல் வேண்டும் என்பதில்லை, யாமே ஐயுறுவதுண்டு. ஆயினும், செய்யுந் தொழிலின் நோக்கம் யாதென்று முதலில் வாதிட்டுத் தெளிந்த பின்னரே கருவி பயன்படும் என்பதை இதனால் அறியலாம்.

இனி அத்தொழிலை நோக்குவோம். இலங்கையில் நூலெழுதப் பெரும்பாலும் பயன்பட்டது பனையோலை அன்று. சிங்களத்தில் 'தல' எனப்படுவதும், நம்மவர் தாளிப்பனை, கூந்தற்பனை என்று கூறுவதுமாகிய மரத்தின் ஓலை. அம்மரம் 30 முதல் 80 ஆண்டுகள்வரை வளர்ந்து, ஒருமுறை மட்டும் பூத்துக் காய்த்து மடியும். அதன் விரியாத குருத்தை வெட்டி, ஈர்க்கை நீக்கி, இதழ்களைச் சுருளாகச் சுற்றி நீரில் அவித்து, வெயிலிலும் பனியிலும் உலர்த்தி, உருண்ட மரத்தின்மேல் இழுத்து இழுத்து மெருகிடுவர். பின் ஓரஞ் சமப்படுத்தித் துளையிடுவர். இத்துணையும் ஓரெழுத்தும் எழுதுவதற்கு முன் செய்யும் வேலை.

எழுதும் முறை இன்னும் வியப்பானது. ஓலை இடக்கையில், எழுத்தாணி வலக்கையில். இடக்கைப் பெருவிரல் எழுத்தாணியின் முனையைத் தாங்கி வழிநடத்தும். நம் பழைய ஏடெழுதுவோர் இதற்கென அந்நகத்தை வளர்த்து அதில் ஒரு சிறு வெட்டும் வைத்திருந்தனர். எழுத எழுத ஓலையே நகர்ந்து கொடுக்கும். மையில்லாத கீறல் கண்ணுக்கு நன்றாய்த் தெரியாது. ஆதலின் எழுதுவோன் பெரிதும் கைப்பழக்கத்தையே நம்பி வரியை முடிப்பான். எழுதி முடிந்த பின் கரித்தூளும் பிசினெண்ணெயும் குழைத்த மையைப் பூசித் தவிட்டினால் தேய்த்துத் துடைக்க, கீறலில் மட்டும் மை தங்கி எழுத்துக் கறுத்துத் தோன்றும். பிழையும் அப்பொழுதுதான் தோன்றும்! கீறியதை அழிக்க இயலாது. நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் மஞ்சளும் மையும் பூசிப் புதிய ஏட்டைப் பிள்ளையின் கையிற் கொடுப்பதை 'மையாடல்' என்று ஒரு விழாவாகவே கொண்டாடினர்.

அலுவிகாரை முதியவர் ழகரத்தை முடித்து மெய்க்குரிய புள்ளிக்கு வந்தபோது எழுத்தாணியை நிறுத்தினார். புள்ளி குத்தினால் ஓலை துளைபடும் என்றார். பழந்தமிழ் ஏடெழுதுவோரும் இக்காரணத்தால் பெரும்பாலும் புள்ளி இடாது விட்டனர் என்று யாம் கூறினோம். "அப்படியானால் எப்படி வாசிப்பது?" என்று வியந்தார். நல்ல கேள்வி! ஏட்டுச் சுவடியில் மெய்யும் உயிர்மெய்யும் ஒன்றுபோல் நிற்கும். எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி நிற்கும். காலும் ரகரமும் மயங்கும். நூலை முன்பே அறிந்தவனே ஏட்டைப் பிழையற வாசிக்க முடியும். கருவியின் குறையை வாசிப்போனின் கல்வி நிரப்பிற்று. ஈற்றில் அவர் சிறு வட்டமொன்று கீறிப் புள்ளியாக்கினார். மை பூசித் துடைத்ததும் 'தமிழ்' என்னுஞ் சொல் எம் மாணவர் பலரின் கையெழுத்தினும் செம்மையாய் விளங்கிற்று.

அலுவிகாரைக்கு இத்தகைய கைத்திறன் புதிதன்று. ஏனா த சில்வா அம்மையார் (1922–2015) தம் குடும்பத்துக்குரிய இவ்வூரிலேயே பத்திக்குத் துணி, தையல், மரவேலை, பித்தளை வார்ப்பு ஆகியவற்றுக்குப் பட்டறைகள் நடத்தினார். கட்டடக் கலைஞர் ஜெப்றி பாவா அமைத்த பெந்தோட்டை விடுதியின் உட்கூரையை அணிசெய்தது அவருடைய பத்திக்கு வேலையே.

அன்று எழுதப்பட்ட ஓலைகளுள் ஒன்றேனும் இன்று இல்லை. நம் வெப்பநாட்டில் ஓலை சில நூற்றாண்டுகளே நிற்கும். நூல் நிலைத்தமைக்குக் காரணம் ஓலையின் வலிமையன்று. பழையது இறுமுன் புதியதிற் பெயர்த்தெழுதிய கைகளே. 1848இல் நிகழ்ந்த மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது அலுவிகாரையின் ஏட்டுத் தொகுதியும் அழிவுற்றது. ஆயினும் அதற்குள் பிரதிகள் கடல் கடந்து சென்றுவிட்டன. மியன்மாரின் மந்தலே நகரிலே 729 சலவைக்கற் பலகைகளில் முப்பிடகமும் வெட்டப்பட்டு 1868இல் நிறைவெய்தியது. இன்று அந்நூல் கணினியிலும் உளது. ஓரிடத்தில் எரிந்தது பிறிதோரிடத்திற் பிழைத்தது.

நம் சமயத்தார் இதனைத் தம் வரலாற்றோடு ஒப்பிடலாம். மூவர் தேவார ஏடுகள் சிதம்பரத்தில் ஒரு பூட்டிய அறையில் இருந்தன என்றும், சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் கதவைத் திறந்தபோது புற்று மூடிக் கிடந்தன என்றும், எஞ்சியன சிலவே என்றும் நம் மரபு கூறும். அவ்வேடுகளை எவரும் திருடவில்லை, எரிக்கவில்லை. பூட்டி வைத்தனர், அவ்வளவே. பெயர்த்தெழுதப்படாத நூல் பூட்டினுள் இருந்தும் அழிந்தது. அம்மரபிலே இன்னுமொரு செய்தி உளது. கிடைத்த ஏட்டிற் சொல் இருந்தது, பண் இல்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் வழிவந்த ஒரு பெண்ணின் குரலினின்றே பண்களை மீட்டனர். எழுத்தாணியால் இயலாத ஒன்று உண்டு என்பதை இதனின் விளக்கமாய்க் காட்டும் செய்தியை யாம் அறியோம்.

அலுவிகாரை ஏடுகள் அழிந்ததற்கு அடுத்த ஆண்டாகிய 1849இலேதான் ஆறுமுக நாவலர் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கி வந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். அச்சு அன்று புத்தம் புதிய கருவி. பிறர் அதனைச் சமயம் பரப்பப் பயன்படுத்துதலைக் கண்டு, தம் சமயத்துக்கும் தமிழுக்கும் அதனைப் பணிகொண்டார். அச்சிட்டமை மட்டும் அவர் பெருமையன்று. பிழையற அச்சிட்டமையே பெருமை. அவர் வழியிற் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும், கலித்தொகையை 1887இலும் பதிப்பித்தார். தொட்டால் ஒடியும் ஏடுகளோடு அவர் பட்ட பாட்டை அவருடைய பதிப்புரைகளிற் காணலாம். உ. வே. சாமிநாதையரின் சீவகசிந்தாமணியும் அதே 1887இல் வெளிவந்தது. 1898இல் அவர் மணிமேகலையை வெளியிடப் பௌத்த நூற்கருத்துக்களையெல்லாம் தேடிக் கற்க நேர்ந்தது. அச்சகத்துக்கு அனுப்பினாற் போதும் என்று அவர்கள் கருதியிருந்தால் நமக்குக் கிடைத்திருப்பவை விரைவாகப் பெருகிய பிழைகளே.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஏட்டுச் சுவடிகளும் அவற்றுள் அடங்கும்.  1998ஆம் ஆண்டுத் தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூலகமும் நூல்களைக் கணினியேற்றி எவரும் படிக்க வைத்துள்ளன. பிந்தியது சிறப்பாக இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் தேடிச் சேர்ப்பது.

இவ்வளவும் நூல்களைப் பற்றியது. நூலாகாதவை நம்மிடம் உள்ளன. அவற்றின் பொருட்டே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

கோப்பித் தோட்டங்கள் பெருகிய காலத்திலே தென்னிந்தியாவினின்றும் வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே கால்நடையாக மாத்தளையை அடைந்தனர். நோயாலும் பசியாலும் வழியில் மாண்டார் பலர். தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு வரும் வழி அலுவிகாரைப் பாறைகளின் அருகாகவே செல்கிறது. எழுதாத பாட்டுக்களை நெஞ்சிற் சுமந்துகொண்டு எழுத்தின் குகையைக் கடந்து போயினர் அம்மக்கள். தாலாட்டும் ஒப்பாரியும் தெம்மாங்குமாகிய அப்பாட்டுக்களுள் ஒரு பகுதியைச் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தொகுத்தார். 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்னும் அத்தொகுதி 1983இல் அச்சேறியது. அதில் ஏறாதவை எத்துணை!

எமது குற்றம் ஒன்றை இங்கே கூறுதல் கடன். சில ஆண்டுகளுக்கு முன் மாணவி ஒருத்தியின் பாட்டியார் பாடிய பாட்டுக்களை, அவர் வாழ்ந்த லயத்துக்கே சென்று எமது கைத்தொலைபேசியிற் பதிவு செய்தோம். நாற்பது நிமிடம் இருக்கும். பேரூட்டோ பெயரோ இடவில்லை; பிறிதொரு பிரதியும் எடுக்கவில்லை; 'பின்னர் எழுதிக்கொள்ளலாம்' என்று விட்டோம். அடுத்த மாரியில் அத்தொலைபேசி நீரில் விழுந்தது. அந்த அம்மையாரும் அவ்வாண்டே காலமானார். மற்றொன்று: பாமினி எழுத்துருவிற் பல ஆண்டுகளாகத் தட்டெழுதி வைத்த எமது இலக்கணக் குறிப்புக்களைப் புதிய கணினியிற் றிறந்தபோது, தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துக்களின் குப்பையே தோன்றிற்று. ஒருங்குறிக்கு மாற்றி அவற்றை மீட்க ஒரு விடுமுறை முழுதுஞ் சென்றது. குறிப்பு மீண்டது, பாட்டு மீளவில்லை. சிதம்பரத்து அறையைப் பற்றி வகுப்பில் எத்துணை உருக்கமாய்ப் பேசியிருக்கிறோம்! நம் சட்டைப் பையிலேயே ஓர் அறையைப் பூட்டி வைத்திருந்தோம்.

அலுவிகாரை சென்ற நாளில் எம் மாணவர் எடுத்த படங்கள் நூற்றுக்கு மேற்படும். ஒரு வாரங் கழித்து, முதியவர் எழுத்தாணியைத் தாங்கிய விரல் யாதென்று வகுப்பில் வினவினோம். ஒருவன் உடனே தொலைபேசியைத் திறந்து தேடலானான். அவனைக் கடியவில்லை. பண்ணையும் குரலையும் அப்படியே பிடித்து வைக்கும் கருவி அவன் கையில் உளது. நம்பியாண்டார் நம்பிக்கும் வாய்க்காத கருவி அது. அதனை என்ன வேலைக்கு அமர்த்துவது என்பதையே அவனுக்கு எவரும் கூறவில்லை.

ஆகவே இவ்வாண்டு வகுப்பில் ஒரு பயிற்சி வைத்தோம். வீட்டிலுள்ள முதியோர் ஒருவரைப் பாடச் செய்து பதிய வேண்டும். தொடக்கத்திலேயே பாடுவோர் பெயர், தோட்டம், நாள் ஆகியவற்றை மாணவர் தம் குரலிற் கூறல் வேண்டும். அக்குறிப்புப் பாட்டைவிட்டுப் பிரியாது. அன்றைக்கே வேறிரண்டு இடங்களிற் பிரதி வைத்தல் வேண்டும். பின்னர்க் கேட்டுக் கேட்டு ஒருங்குறியில் எழுதல் வேண்டும். பாடியவருக்கு வாசித்துக் காட்டி அவர் உடன்பாடு பெறுதலும் வேண்டும். இறுதியிற் கூறியதே கடினமானது என்று மாணவர் கூறுகின்றனர். கேட்டெழுதும்போது நான்கு நிமிடப் பாட்டுக்கு இரண்டு மணிநேரம் ஆகிறதாம். ஆகட்டும், ஓலையை அவித்து உலர்த்தவும் நாட்கள் ஆயின.

முதலில் வந்த பிரதிகளை யாம் சிவப்பு மையுடன் திருத்த அமர்ந்தோம், ஆசிரியர்க்குரிய பழக்கம். ஒரு பாட்டில் 'பெரட்டுக் களம்' என்றிருந்தது. எழுதினவன் பிழை விட்டான் என்றெண்ணிப் 'பெரிய களம்' என்று திருத்தினோம். கொப்பியைப் பெற்றுக்கொண்ட மாணவன் தயங்கித் தயங்கி வந்து, "சேர், அம்மாயி பாடினது பெரட்டுத்தான். காலையில எல்லாரையும் வரிசையா நிப்பாட்டி வேலை பிரிக்கிற எடம்" என்றான். மலையகத்தார் யாவரும் அறிந்த சொல்லை யாம் அறியாது அழிக்கப் பார்த்தோம். செந்தமிழ் கற்பிப்பது எம் தொழில். ஆயினும் ஏடெழுதுவோன் தன் தமிழை ஏட்டிற் புகுத்தலாகாது. சிவப்புக் கோட்டின்மேற் கோடிட்டு 'அம்மாயி பாடியவாறே சரி' என்று ஓரத்தில் எழுதிக் கையொப்பமிட்டோம்.

இதுவரை பதினொரு பாட்டுக்கள் சேர்ந்துள்ளன. பழைய மாணவருள் தோட்டங்களிற் பிறந்தோர் பலர். இன்று கொழும்பிலும் இலண்டனிலும் தொறொன்ரோவிலும் வாழ்வோர் பலர். தங்கள் தாயாரோ அப்பாயியோ அம்மாயியோ இன்னும் பாடக்கூடியவராயின், அடுத்த முறை வீட்டுக்குத் தொலைபேசி எடுக்கும்போது நலம் விசாரித்த பின் ஒரு பாட்டும் கேட்டுப் பதிந்து, பெயரும் ஊரும் நாளும் குறித்துக் கல்லூரியின் தமிழ்ப் பகுதிக்கு அனுப்புமாறு வேண்டுகிறோம். கால்நடையாக வந்த வழியைப் பாடும் பாட்டு ஒன்றேனும் எமக்கு இன்னும் கிடைக்கவில்லை. நீரில் விழுந்த அப்பதிவில் அத்தகைய பாட்டு ஒன்று இருந்தது.